மாரி பிஸ்கட் நிறம்

கொரகுண்டேபாளையம் மேம்பாலம் ஏறும்போது
வண்டிக்கு மூச்சு வாங்கும்.
முறுக்க முறுக்க
கொடுத்ததை வாங்கிக்கொள்ளாமல்
ஒரு கணம் யோசிக்கும்,
பிறகு உதறிக்கொண்டு ஓடும்.
இறக்கத்தில் கையைத் தளர்த்தினாலோ
சைலன்ஸருக்குள் ஊசிப்பட்டாசு.
பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்ப்பார்,
நான்தான் ஏதோ சொல்லிவிட்டதுபோல்.

சிக்னலில் வேறு கூத்து.
நான் நின்ற பிறகும்
இன்ஜின் உச்சத்திலேயே கத்திக்கொண்டிருந்து
மனசு வந்தால் இறங்கும்.

சோக்கைப் பாதி இழுத்தால் மட்டும் சமத்து.
மூன்று வாரம் அப்படித்தான் போனேன் பீனியாவுக்கு,
இடது கட்டைவிரலை அதன்மேலேயே வைத்து,
காய்ச்சல் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல்.

கலாசிபாளையத்தில் இம்தியாஸ்
பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.
வெள்ளை. நேற்று அடித்த சுண்ணாம்பு.
"மாரி பிஸ்கட் நிறத்துல இருக்கணும் மேடம்.
காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி.
வண்டி பட்டினி கெடக்குது."
ஜெட்டை ஊதினார்.
ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் திறந்தார்.
இரண்டு நாள் நன்றாயிருந்தது.
மூன்றாம் நாள் மேம்பாலத்தில்
அதே யோசனை.

"அப்போ கார்புரேட்டரையே மாத்திடலாம்,
ரெண்டாயிரத்து எண்ணூறு."

எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்.
மேசைக்கு அடியில் விளக்கு, மேலே சட்டை,
விரல்நுனியில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.
நூல் விட்ட இடம், ஊசி இரண்டு தரம் இறங்கிய இடம்,
குற்றம் எங்கேயோ அங்கே அம்பை ஒட்டி
அடுத்த மேசைக்குத் தள்ளுவேன்.
ஒருநாளும் சட்டையையே மாற்றச் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கேட்டருகே
இஸ்திரி வண்டிக்கார ஈரண்ணாவிடம்
தண்ணீர் தெளிக்கும் பாட்டிலைக் கடன் கேட்டேன்.
"வண்டிக்கும் இஸ்திரியா அக்கா?"

இன்ஜின் சூடாகட்டும் என்று விட்டேன்.
சோக்கை உள்ளே தள்ளினேன்.
ஒரு மூட்டு, ஒரு தெளிப்பு, காதால் ஒரு காத்திருப்பு.
ஏர் ஃபில்டர் பக்கம்: ஒன்றுமில்லை.
கிண்ணத்தின் மூடி: ஒன்றுமில்லை.
கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவிலிருக்கும்
ரப்பர் கழுத்தின் மேல்புறம்: ஒன்றுமில்லை.
கீழ்ப்புறம்,
புரையேறியதுபோல் தடுமாறியது.

மறுபடி தெளித்தேன்.
மறுபடி புரையேறியது.
மூன்றாவது முறை
ஈரண்ணா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தார்.

பத்தாம் நம்பர் ஸ்பானர், இரண்டு போல்ட்.
கையிலெடுத்தால் பழுதில்லாத ரப்பர்,
யார் மேலும் தப்புச் சொல்ல முடியாத முகம்.
வெயிலைப் பார்த்து மடக்கினேன்.
பித்தவெடிப்பு.
நிமிர்த்தினால் வாயை மூடிக்கொள்கிறது,
வளைத்தால் அந்தப் பக்கத்துத் தெரு தெரிகிறது.
கேட்காமல் கொள்ளாமல் நுழைந்த காற்றெல்லாம்
இந்த வழியாகத்தான்.

பையில் ஸ்டிக்கர் இருந்தது. ஒட்டினேன்.
அம்போடு கொண்டுபோய் நீட்டியதில்
ஜே.சி. ரோடு கடைக்காரர் ஒரு கேள்வி கேட்கவில்லை.
தொண்ணூற்றைந்து ரூபாய், ஓ-ரிங் சேர்த்து.

மாட்டிய அன்று மேம்பாலம் வழுக்கிக்கொண்டு போனது.
ஆனால் நின்ற இடத்தில் குதறல், புகைக்கு நெடி,
பிளக்கில் இப்போது கரி.
ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது
அந்த அரைச் சுற்று.
ஓட்டைக்காக ஊட்டியது;
ஓட்டை அடைந்த பிறகும் ஊட்டிக்கொண்டிருக்கிறது.
ஈரக்கையோடு இறங்கிப்போய்
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
திறந்த அளவு மூடினேன்.

வியாழக்கிழமை பிளக்கைப் பார்த்தேன்.
டீயில் நனைக்காத மாரி பிஸ்கட்.

சிக்னலில் நிற்கிறேன்.
இன்ஜினும் கூடவே இறங்கி நிற்கிறது.
கட்டைவிரலுக்குத்தான் இன்னும் யாரும் சொல்லவில்லை,
தானாகப் போய்ச் சோக்கைத் தொட்டுப் பார்க்கிறது.

ஈரண்ணாவின் பாட்டிலைத் திருப்பித் தரவேண்டும்.
கால்சட்டைக்கு வாயாலேயே
தண்ணீர் ஊதிக்கொண்டிருக்கிறார்.