இரண்டு மில்லிமீட்டர்

ஈசூன், பதினோராம் மாடி, இரவு ஒரு மணி.
கோடு நீலமாகவே இருந்தது.
முழுதாய்க் கட்டுப்படவில்லை என்று பொருளாம்.
இழுத்தால் வரும்,
விட்டால் வேறெங்கோ போய் நிற்கும்.
ஓர் அளவு கொடுத்தேன். செங்குத்து என்றேன்.
இந்த மூலையை அந்த மையத்தோடு சேர் என்றேன்.
கறுத்தது.
யாருமில்லை; நானே மேசையைத் தட்டிக்கொண்டேன்.

செய்வது விமானமில்லை.
துணி காயும் மூங்கில் கழி
காற்றில் உருளாதிருக்க ஒரு பிடி.
பகலெல்லாம் எம்ஆர்டி கதவு பழுதுபார்க்கிற ஆளுக்கு
வீட்டுக் கழிக்கு மூன்று வாரமா என்று
மங்கையர்க்கரசி சிரித்தாள்,
ஈரச் சட்டைகளை நாற்காலி முதுகில் விரித்தபடி.

சனிக்கிழமை அச்சாகி வந்தது,
ஆரஞ்சு நிறம், இளஞ்சூடு.
கழி நுழையவில்லை.
இரண்டே மில்லிமீட்டர்.
நான் அளந்தது மூங்கிலின் மெலிந்த முனை.
தவிர,
நான் வரைந்த வட்டம்
அங்கே வட்டமாகவே இல்லை.

மறுபடி திறக்கிறேன்.
விட்டத்தை மாற்றியதும்
அதன்பின் செய்த பதினேழு படிகளும்
வரிசையாய்ச் சிவக்கின்றன.

கீழே கடைசிப் பேருந்து
மூச்சுவிட்டு நிற்கிறது.
"அது ஏன் செவக்குது?" என்கிறாள்,
சட்டைகளை அள்ளிவிட்டு
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.