மேல்வரிசை, இடப்பக்கம்

கஸ்பார் ராயப்பனின் ஃபைலை இன்று கிழிக்கிறேன்.
நெல்லித்தோப்பில் ஒற்றை அறை கிளினிக்.
இறந்தவர்களின் எக்ஸ்ரேக்கு
ஐந்து வருடத்துக்கு மேல் அலமாரியில் இடம் தர முடியாது.

முதலில் வந்தது எண்பத்தேழில், ஆடிப் புழுக்கத்தில்.
வாயைத் திறங்க என்றேன்.
ஜாஸா, சாவா? என்றார்
கைக்குட்டைக்குள் ரத்தத்தோடு சிரித்து.

மேல்வரிசை, இடப்பக்க முன்பல், பாதிக்கு மேல் இல்லை.
உப்பளத்தில் ஒரு இறுதி ஊர்வலம்.
முன்னால் போன சவ வண்டி
ஒரு நாய்க்காகச் சட்டென்று நின்றிருக்கிறது.
ட்ராம்போனின் இழுகுழலை இவர்
கை எட்டும் மட்டும் நீட்டியிருந்த நேரம்.
வண்டியில் முட்டிய பித்தளை
வந்த வழியே திரும்பி வாயில் நின்றது.
செத்தவர் மேல தப்பில்ல டாக்டரம்மா,
பாட்டு அந்த இடத்துல அடிமட்டத்துக்குப் போயே ஆகணும்.

ஆறு வாரம் ஊதக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன்.
சனிக்கிழமை கடற்கரைச் சாலை ஓட்டலில் வாசிக்கணுமே என்றார்.
முன்பணம் வாங்கி
மகள் சிசிலின் ஸ்கூல் பீஸ் கட்டியாகிவிட்டதாம்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
இவருக்குச் சொல் வந்ததே அந்தச் சனிக்கிழமைதான்.
போயிருந்தேன்,
உதட்டுத் தையல் பிரிந்துவிடுமோ என்ற பயத்தில்.
நாற்காலியில் ட்ராம்போன் உட்கார்ந்திருந்தது.
பக்கத்தில் நின்று பாடினார்.
இங்கிலீஷில் நாலு வரி, பிரெஞ்சில் ரெண்டு,
பிறகு பாஷை தீர்ந்துபோய்
திண்டிவனம் திண்டிவனம் திண்டிவனம்
பாகூர் பாகூர் கட கட கடலூர்
பஸ் ஸ்டாண்டில் காதில் விழுந்ததெல்லாம்
தாளத்துக்கு அரை நொடி பிந்தி,
விட்டுவிட்டாரோ என்று நாம் பதறும்போது
ஓடும் வண்டியில் தொற்றுகிறவன் மாதிரி
ஏறிக்கொண்டது.
ட்ரம்ஸில் இருந்த பரிசுத்தம் குச்சியை நழுவவிட்டான்.
ச என்ற எழுத்து மட்டும் விசிலாக வந்தது.

கேப் மாட்டியதும் விசில் போயிற்று.
அதற்கு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

பகலில் போலீஸ் பேண்டு, ராத்திரியில் ஓட்டல்,
இடையில் தேங்காய் எண்ணெய் தடவிய இழுகுழலோடு
என் நாற்காலி.
தொண்ணூற்று நாலில் மர்சேயிலிருந்து ஒரு கார்டு:
இங்க ஒரு பல் பிடுங்கற காசுக்கு
நீங்க முழு செட்டே கட்டுவீங்க. வந்துடறேன்.
வந்தார். கையில் ஒரே ஒரு கேசட்.
மிஷின் சத்தம் தெரியாமல் இருக்க
அதன் இரண்டாம் பக்கத்தைக் கிளினிக்கில் போடுவேன்.
உள்ளே யாருக்கு இவ்வளவு வலி என்று
வெளியே உட்கார்ந்தவர்கள் கேட்பார்கள்.

கடைசியில் மேல்வரிசை முழுவதும் எடுத்தாயிற்று.
கட்டின செட்டோடு ஊதிப் பார்த்தார், நழுவியது.
கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு
என் வாஷ்பேசினைப் பார்த்துப் பாடினார்.
ச என்ற எழுத்து திரும்பி வந்திருந்தது.

அடக்கத்தன்று ஊதிய பையன்
சவ வண்டிக்கும் தனக்கும் நடுவே
ஒரு லாரி போகிற இடைவெளி விட்டே நடந்தான்.
யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அன்று காலை சிசில் போன் செய்திருந்தாள்:
டாக்டர், பல்செட்டை வாயில் வைக்கவா, வேண்டாமா?
வைங்க, முகம் நல்லா இருக்கும் என்றேன்.
தொழில் புத்தி.
போனை வைத்த பிறகுதான்,
அடுத்த பேஷண்டின் வாய்க்குள் கண்ணாடியை விட்டபடி
நினைத்துக்கொண்டேன்:
ஊதவா, பாடவா என்று கேட்டிருக்கலாம்.