முதல் சீட்டு

டோஸ்ட்தான் கடித்தேன்.
கல் இல்லை, எலும்பு இல்லை,
நாளெல்லாம் நான் பிளக்கும் சிப்பியின் ஓடுகூட இல்லை.
முந்தாநாள் ரொட்டி. அதற்கே
கீழ்க்கடைவாயில் பாதிப் பல் பெயர்ந்து
தட்டில் விழுந்தது, சத்தத்தோடு.

இன்வர்கார்கில்லில் பல் டாக்டர் நல்ல பெண்.
படம் எடுத்து, வேரைக் காட்டி,
தாளைக் கவிழ்த்து வைத்தாள்,
பார்க்காத விலை வலிக்காது என்பதுபோல.
வேர் சிகிச்சை, அதன்மேல் ஒரு கிரீடம்:
மூவாயிரத்து முந்நூற்று எண்பது டாலர்.
பிடுங்க மட்டும் என்றால் முந்நூற்றுப் பத்து.
கிரீடம் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது.
சிரித்ததில் காற்றுப் பட்டு வலித்தது.

பிளஃப் வரைக்கும் வாயை மூடிக்கொண்டே ஓட்டி வந்தேன்.
எவர் வாயில் ஓட்டை என்று
தெற்குக் காற்றுக்குத் தெரியும்.

பிறகு கிராம்பு எண்ணெய்.
மருந்துக்கடையில் வாங்கிய தற்காலிக அடைப்பு, பத்தொன்பது டாலர்,
மூன்றாம் நாள் சூப்போடு வயிற்றுக்குள் போனது.
இடப்பக்கம் மட்டும் மெல்லுதல்.
தலையணையை மடித்து உட்கார்ந்தபடி உறக்கம்.
போன வருடம் நாய்க்குப் பல் சுத்தம் செய்தோம்,
கால்வின் அதற்குக் காப்பீடு போட்டிருந்தான்.
அது இப்போது என் காலடியில் கொட்டாவி விடுகிறது,
வெள்ளை வெளேரென்று.

பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்பார்கள்.
எந்தப் பல்லை?

எங்கள் கொட்டகையில் ஒரு டின் இருக்கிறது.
கையுறைப் பெட்டிக்குப் பக்கத்தில்,
மூடியில் குதிரைப் படம் போட்ட பிஸ்கட் டின்.
வெள்ளிக்கிழமை ஆளுக்கு ஐந்து டாலர், பதினோரு பேர்.
மெரியானா ஆரம்பித்தது, அவள் மகன்
கராஜில் இடுக்கியும் கண்ணாடியுமாக
நின்றதைப் பார்த்த மறுநாள்.
குலுக்கல் கிடையாது, ஏலம் கிடையாது.
வலி அதிகமானவருக்கு முதல் சீட்டு.

அங்கேதான் தகராறு.
வலியை எந்தத் தராசில் நிறுப்பது?
டெஸ்மண்ட் கன்னத்தைக் காட்டினான், பன் மாதிரி வீக்கம்.
ஆறு இரவுகள் தூங்கவில்லை என்றான் சியாவோசி.
லோர்னா ஒன்றும் சொல்லாமல் மேலுதட்டைத் தூக்கினாள்.
பார்த்துவிட்டு எல்லோரும் கொஞ்ச நேரம்
தலை குனிந்து சிப்பி பிளந்தோம்.
நான் வாயே திறக்கவில்லை.
பெருந்தன்மை எல்லாம் இல்லை. கேட்கக் கூச்சம்.
தேநீர் வேளையில் முதல் மடக்குக்கே
என் கண்ணில் வழிந்ததை மெரியானா பார்த்துவிட்டாள்.
“இவளுக்கு” என்றாள்.

டின்னில் ஆயிரத்து இருநூற்றுப் பத்து.
கிரீடத்துக்கு இன்னும் இரண்டாயிரத்துக்கு மேல் வேண்டும்.
பிடுங்கிக்கொண்டேன்.

ஊசிக்குப் பிறகு வலி தெரியாது, சத்தம் தெரியும்.
ஈரக் கயிறு இழுபட
படகொன்று துறையை விட்டு நகரும் சத்தம்.
“வேண்டுமா?” என்று பல்லை
ஒரு சின்ன டப்பாவில் போட்டு நீட்டினாள்.
வாங்கிக்கொண்டேன். காசு கொடுத்ததாயிற்றே.

மீதித் தொள்ளாயிரத்தைத் திருப்பி வைத்தபோது
மெரியானா கத்தியைக் கீழே போட்டாள்.
“காப்பாற்றத்தானே சேர்த்தோம், தொலைக்கவா?
மாதத் தவணை கேட்டிருக்கலாமே!”
கேட்டேன். வட்டியும் கேட்டேன்.
அதை அவளிடம் சொல்லவில்லை.
மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை,
நானும் பேசுகிற நிலையில் இல்லை.

நாக்குதான் இன்னும் போய்ப் போய்ப் பார்க்கிறது,
ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்த வீட்டைத்
தட்டிப் பார்க்கும் கடன்காரன் போல.

அந்தத் தொள்ளாயிரத்தில் டெஸ்மண்டுக்கு ஒன்று,
சியாவோசிக்கு ஒன்று, பிடுங்கியாயிற்று.
லோர்னாவுக்கு முன்பல்.
பிடுங்கு என்று சொல்ல யாருக்கும் நா எழவில்லை.
சீசன் முடிய இரண்டு வாரம் இருக்கிறது.

இன்று வெள்ளி. நான் பத்து டாலர் போட்டேன்.
மெரியானா பார்க்காத மாதிரி
குதிரைமேல் ஓங்கித் தட்டி மூடியை அழுத்தினாள்.
லோர்னா ஏதோ சொல்லிச் சிரித்தாள்,
வாயை மறைத்துக்கொண்டு,
சிப்பித் தண்ணீர் சொட்டும் கையுறையோடு.