நீடாமங்கலம் கேட்

கேட் போட்டிருந்தது.
கூட்ஸ் வண்டி முன்னுக்கும் பின்னுக்குமாக
போக மனசில்லாத விருந்தாளி மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது.
ஐப்பசித் தூறல்.
முதலில் கைப்பையின் பிடி வழுக்கியது எனக்கு.
பிறகு உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது.
"நெல்லா ஏத்துறாங்க?" என்று
இரண்டாம் முறை கேட்டேனாம்.
இரண்டாம் முறை என்பதைத்
திருமேனிதான் பிறகு சொன்னான்.

பதினோரு வயதில் வந்த சர்க்கரை.
பள்ளிக்கூடக் கக்கூஸில்,
கல்யாண வீடுகளில் பாத்திரம் கழுவும் மறைவில்
வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து
சத்தமில்லாமல் குத்திக்கொள்ளப் பழகியிருந்தேன்.
பெண் பார்க்க வந்த அன்று நானே சொல்லிவிட்டேன்.
"சரி" என்றான்.
அந்தச் சரியை மூன்று வருஷம் நான் நம்பவில்லை.

கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறவன்.
ஒரு பிடி நெல்லை மெஷினில் போட்டால்
ஈரப்பதம் எத்தனை என்று எண் வரும் வரைக்கும்
விவசாயிகள் மெஷினைப் பார்க்க மாட்டார்கள்,
அவன் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.
நானும் அப்படித்தான் பார்த்தேன்,
மீட்டரை அவன் பக்கம் திருப்பிய முதல் நாள்.
முந்நூற்றுப் பன்னிரண்டு.
எதிர்வீட்டு வளைகாப்பில் தின்ற அதிரசம்
அந்த எண்ணுக்குள்ளேயே தெரியும் என்று பயம்.
"இருவத்திரெண்டுன்னு வந்தா
நெல்லத் திட்டுவமா? காயப் போடுவோம்"
என்றபடி ஊசிப் பெட்டியை எடுக்கப் போனான்.

அதற்காக அவன் சாமியும் இல்லை.
ஒருநாள் ராத்திரி ஊசிக்குப் பதிலாக
சாப்பாட்டு ஊசியை எடுத்துக் கொடுத்துவிட்டான்.
நானும் பார்க்காமல் போட்டுக்கொண்டேன்.
விடிய விடிய சீனித் தண்ணீர் கரைத்தான்.
கால் மணிக்கொருமுறை இருட்டில் என் விரலைத் தேடினான்.
மறுநாள் ராத்திரிப் பேனாவின் மேல்
மூட்டை தைக்கிற சணலைச் சுற்றிக் கட்டியிருந்தது.
கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் தெரியும்.

சாப்டியா, பாத்தியா, போட்டியா
என்று நாத்தனார் முன்னால் கேட்டான் ஒருநாள்.
மீட்டரை எறிந்தேன், கட்டிலுக்கடியில் போனது.
"என் ஒடம்புக்கு நீ என்ன காவக்காரனா?"
"இல்ல. பக்கத்துல படுக்கிறவன்."
குனிந்து, துடைப்பத்தால் தள்ளி
அதை வெளியே எடுத்தான்.

கேட்டில், வண்டியை அணைத்தான்.
மீட்டரைத் தேடவில்லை.
சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம்,
ஈரம் பட்டுக் கட்டி தட்டியிருந்தது.
பல்லால் கிழித்து உள்ளங்கையில் கொட்டி
"நக்கு" என்றான்.
முறுக்குக்காரம்மா, காலேஜ் பிள்ளைகள்,
மன்னார்குடி பஸ்ஸின் ஜன்னலுக்கு ஜன்னல் முகம்.
எத்தனை மறைவு தேடியவள் நான்.
அத்தனை பேர் பார்க்க
அவன் கையை நக்கினேன்.
சாக்கு வாசனை, நெல் தூசு, இனிப்பு.

கேட் திறந்தது.
பின்னாலிருந்து பஸ், டிராக்டர், ஒரு வேன்,
"ஏய், எடுய்யா வண்டிய!"
அவன் என்னைத் தோளில் சாய்த்தபடியே
வண்டியை ஓரத்துக்குத் தள்ளினான்.
கடிகாரத்தைப் பார்த்தான்.
"இன்னும் ஒம்போது நிமிஷம்."
யாரிடம் சொன்னானோ.
எங்களைத் தாண்டி ஊரே போனது.
ஒன்பது நிமிஷம் முடிவதற்குள்
மறுபடியும் கேட் போட்டுவிட்டார்கள்.

அப்புறம் விரலைக் கொடுத்தேன்.
எண் வந்தது.
நான் அதைப் பார்க்கவில்லை.
அவன் முகத்தையும் பார்க்கவில்லை.
முறுக்கு வாங்கட்டுமா என்று கேட்டேன்.
"ரெண்டு. ரெண்டுக்கு மேல வேணாம்."

மூன்று வாங்கினேன்.
ஒன்று அவனுக்கு.