வியாழன் இரவுக் கட்டம்

வெள்ளைப் பலகையில் ஏழு நாள், நாளுக்கு மூன்று முறை.
இருபத்தொரு கட்டம். நிரப்புவது என் வேலை.
சம்பளம் எனக்கு மட்டும்.
மற்றவர்களுக்கு வருடத்துக்கு ஒரு கோழிக்கறி விருந்து,
முதுகில் ஊர்ப்பெயர் எழுதிய ஒரு குளிர்ச்சட்டை.

கடையில் பால் எடுக்கும்போது கேட்பேன்.
சாவு வீட்டில் கோட்டு மாட்டும் இடத்திலும் கேட்டிருக்கிறேன்:
"சனி இரவு வர முடியுமா?"
வட்டிக்காரியைக் கண்டதுபோல்
வரிசை மாறி நிற்கிறார்கள் சிலர்.

வியாழன் இரவை மட்டும் நான் யாரிடமும் கேட்டதில்லை.
பதினொரு வருடமாக அங்கே ஒரே பெயர்:
ரோசேர் மிஷோ.
துடைத்தாலும் போகாமல் பலகையில் ஊறிவிட்ட மை.
உருளைக்கிழங்கு விவசாயி.
பேச்சில் பாதி பிரெஞ்சு, மீதி இருமல்.

பிப்ரவரி. வடக்கு மெய்ன்.
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு.
இரண்டு பத்துக்குப் பேஜர் அலறியது.
நிலையத்துக்கு ஓடி எஞ்சினைச் சூடாக்கிவிட்டு
ரோசேருக்காகக் காத்திருந்தேன்.
எப்போதும் மூன்று நிமிடத்தில் வந்துவிடுவான்.
நான்கானது.
பிறகுதான் ரேடியோவில்
முகவரியைத் திரும்பச் சொல்லக் கேட்டேன்.

நெஞ்சுவலி. ஆண். அறுபத்தொன்று.
பச்சைக் களஞ்சியம் தாண்டி இரண்டாவது வீடு.

தனியாகவே ஓட்டிக்கொண்டு போனேன்.

சமையலறைத் தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்,
ஒரு காலில் மட்டும் பூட்ஸ்.
இடுப்பில் பேஜர் இன்னும் கத்திக்கொண்டிருந்தது,
அவனை அவனிடமே வரச்சொல்லி.
"மன்னிச்சுக்கோ, தாமதமாயிடுச்சு" என்றான்.

ஈசிஜி தாளில் எழும்பி நின்ற அந்த வடிவத்துக்கு
எங்கள் பாடத்தில் கல்லறைக் கல் என்று பெயர்.
அவனும் எத்தனையோ முறை என் தோள்வழியே எட்டிப் பார்த்ததுதான்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பனியில் ஹெலிகாப்டர் வராது.
மருத்துவமனை ஐம்பத்திரண்டு மைல்.
நான் பின்னால் இருந்தாக வேண்டும்.
முன்னால்?

லியோலா இரவு உடுப்பின்மேல் கோட்டை மாட்டியபடி
"நான் ஸ்கூல் பஸ் ஓட்டுறவ" என்றாள்,
யாரோ கேட்டுவிட்டதைப் போல.
சாவியை நீட்டினேன்.
விதிப்புத்தகத்தில் எந்தப் பக்கத்தை மீறுகிறேன் என்பது
எனக்கு மனப்பாடம்.

ஆஸ்பிரின். நாக்கடியில் ஒரு தெளிப்பு.
நரம்பூசி முதல்முறை தவறி, இரண்டாம் முறை.
நடுக் கண்ணாடிக்கு அப்பால் அவள் பின்தலை;
ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

ஆறு நெருங்கியது.
கண் திறக்காமலே,
சக்கரங்களின் சத்தத்திலிருந்து இடத்தைத் தெரிந்துகொண்டு,
முகமூடியை விலக்கிச் சொன்னான்:
"பாலத்துல பிரேக்கைத் தொடாதேன்னு சொல்லு."
சொன்னேன்.
"தெரியும்" என்றது முன்னிருக்கை.
"பதினொரு வருஷமா வெள்ளிக்கிழமை காலையில
காபி குடிச்சிக்கிட்டே அதைத்தானே சொல்றான்."

எந்த நோயாளியின் கையையும்
இவ்வளவு நேரம் பிடித்திருந்ததில்லை.
நாடி பார்ப்பதாகப் பேர்.

தானாகத் திறந்த கதவுகள் அவனை வாங்கிக்கொண்டு
மூடிக்கொண்டன.
லியோலா காபி எந்திரத்துக்குள் காசைத் தள்ளுகிறாள்;
அது திருப்பித் துப்புகிறது; மறுபடி தள்ளுகிறாள்.
அவள் கோட்டுப்பைக்குள் அவன் பேஜர்,
பேட்டரி தீர்கிற மெல்லிய விக்கல்.

படிவத்தை நிரப்புகிறேன்.
ஏற்றிய நேரம், இறக்கிய நேரம்,
கொடுத்த மருந்து, கொடுத்த அளவு.
நோயாளி: ரோசேர் மிஷோ.
இரண்டு வரி கீழே, ஓட்டுநர் என்ற இடத்தில்,
வியாழக்கிழமைப் பழக்கத்தில்
கை அதே பெயரை எழுதியிருந்தது.