நீலப் பதிவேடு, பச்சைப் பதிவேடு

வால்டிவியாவில் ஜூலை. ஆறு நாளாக மழை.
காலை ஆறு ஐம்பது. தலை எண்ணிக்கை சரி,
நானூற்றுப் பன்னிரண்டு.
கத்தி எண்ணிக்கை சரியில்லை.
ரொட்டிக்கூடத்துச் சுவரில்
ஒவ்வொரு கத்திக்கும் வரைந்த கறுப்பு உருவங்களில்
ஏழாவது வெறும் உருவமாக இருந்தது.

கத்தி குறைந்தால் கதவு திறக்காது,
காவலர் உடன் நின்றாலொழிய.
விதி அது. எழுதியவர் ஓய்வு பெற்றுவிட்டார்.
மிச்சமிருந்த காவலர் ஒருவர்: ஓயார்சோ,
நனைந்த காலுறையோடு என் மேசைமுன்.

நீதிமன்றம் கூப்பிட்டது: மன்சீயா எங்கே?
வண்டி வாசலில் புகைவிட்டுக்கொண்டிருக்கிறது.
நர்ஸ் ஹசிந்தா கூப்பிட்டாள்:
மூன்றாம் தளத்துக்கு இன்சுலின், ஏழரைக்குள்.
வாத்தியார் கூப்பிடுகிற ஆளில்லை, நேரில் வந்தார்,
அரக்கு வைத்த கேள்வித்தாள் உறையை
மழைபடாமல் மார்போடு அணைத்து.
எழுதப்போவது ஒருவன்தான். எலெயுதேரியோ,
நாற்பத்தொரு வயது,
இரண்டு குளிர்காலமாகப் பின்னங்களோடு மல்லுக்கட்டுகிறவன்.

தலைநகரிலிருந்து மின்னஞ்சல்:
மறுவாழ்வு வகுப்பு நேரம் குறைந்திருக்கிறது, காரணம் எழுதுக.
அதே அலுவலகம், அடுத்த நிமிடம்:
கூடுதல் பணிநேரம் ஏறியிருக்கிறது, காரணம் எழுதுக.

மாவு மட்டும் யாரையும் கேட்கவில்லை.
பூட்டிய கூடத்தில்
நான்கு பள்ளிக்கூடங்களுக்கான மாவு
தட்டின் விளிம்பைத் தாண்டி எழுவதைக்
கேமராவில் பார்த்தேன்.

இன்சுலினுக்கு நானே போனேன்.
பணிமேசையை விட்டு நான் அகலக்கூடாது.
பதினொரு நிமிடம் அங்கே யாருமில்லை.
எந்தப் பதிவேட்டிலும் அதை எழுதவில்லை,
இங்கே எழுதுகிறேன்.
ஓயார்சோவை நீதிமன்றத்துக்கு அனுப்பினேன்.
நீதிமன்றம் கடிதம் எழுதும்.
பின்னங்கள் எழுதாது.

ஒன்பதேகாலுக்கு உறை பிரியாமலே திரும்பியது.
வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை.
குடைதான் மூன்றாவது தடவையில் விரிந்தது.

பத்தரைக்குக் கத்தி கிடைத்தது,
பராமரிப்புப் பிரிவின் இழுப்பறையில்.
சாணை பிடிக்கப் போனது. ரசீது உண்டு, கையெழுத்து உண்டு,
அவர்கள் பதிவேட்டில் எல்லாம் சுத்தம்.
அவர்களுடையது நீலம். எங்களுடையது பச்சை.

மதியம் ஓயார்சோ மன்சீயாவோடு திரும்பினார்.
விசாரணை நான்கு நிமிடம்.
அரசு வழக்கறிஞர் வரவில்லை. ஒத்திவைப்பு.

மாலையில் எலெயுதேரியோவின் கதவுத் துளைவழி சொன்னேன்:
அடுத்த தேர்வு மார்ச்சில்.
விரல்விட்டு எண்ணினான்.
‘எட்டு மாதம். பன்னிரண்டில் எட்டு.’
கொஞ்சம் நின்று,
‘மூன்றில் இரண்டு வருஷம்’ என்றான்.

விடை சரி.
என்னிடமிருந்த படிவத்தில்
அதற்குக் கட்டம் இல்லை.