பதினொரு நொடி

கருங்கலிலிருந்து வந்திருந்தார் எப்சிபாய்.
அண்டியாபீஸ் கறை ஏறிய விரல்களை
மைக்குக்குக் கீழே மடித்து வைத்துக்கொண்டார்.

"முதல் கதைக்குப் பிறகு ஒன்பது வருடம்
ஏன் எழுதவில்லை?"

பதினொரு நொடி.
ஏசி முனகியது.
"எழுதினேன்.
அவியதான் அடுப்புல போட்டாவ."

நிகழ்ச்சிக்குப் பதினாலரை நிமிடம்;
பதிவு கொஞ்சம் கூடுதல்.
மௌனத்தை வெட்டச் சொன்னார்கள்.
திரையில் அது வெறும் நேர்க்கோடு,
வெட்டுவது சுலபம்.
நூலைப் பற்றி நான் எழுதி வாசித்த
அழகான முன்னுரையை வெட்டினேன்.

செவ்வாய்க்கிழமை
நாகர்கோவில் நிலையத்துக்கு
அருமனையிலிருந்து ஒரு போன்:
"ரேடியோ செத்துப்போச்சுண்ணு
ரெண்டு அடி வச்சேன்.
பெறவுதான் அந்தம்மா மூச்சுவிடது கேட்டுது.
புக்கு எங்க கிட்டும்?"